பாதிக் கிரகணத்துக்கு முழு விரதம்

அந்த டிசம்பரில் சூரிய கிரகணம் திருச்சிக்கு வந்தது. நான் கொல்கத்தாவுக்குப் போனேன்.

கங்கண கிரகணம். சூரியனின் நடுப்பகுதி மறைந்து ஓரம் மட்டும் வளையமாக எரியும். தில்லைநகரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்தே தெரியும் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. குடியிருப்போர் சங்கம் கறுப்புக் கண்ணாடிகளுக்கு ஏற்பாடு செய்து, எந்த மாடிக்காரர் எந்த மூலையில் நிற்பது என்று வாட்ஸப்பில் சண்டையையும் ஆரம்பித்திருந்தது. கிழக்கு மூலையை நான் வாதாடி வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"வச்சு, அத்திம்பேருக்குக் கண் ஆபரேஷன் தேதி கொடுத்துட்டா. நீ வந்தாத்தான் நடக்கும்."

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆஸ்பத்திரி என்றால் எங்கள் குடும்பத்துக்கு என் ஞாபகம் வரும். எந்த விதிக்கு எங்கே விலக்கு இருக்கிறது, யாரிடம் கெஞ்ச வேண்டும், யாரிடம் குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள். தெரியும்தான். கிழக்கு மூலையை இரண்டாம் மாடிக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொல்கத்தாவில் இறங்கிய காலை, ஊரே காதை மூடிக்கொண்டிருந்தது. நமக்கு மார்கழிக் காலை என்றால் ஒரு சால்வை போதும். இங்கே குரங்குக் குல்லாய், கழுத்துக்கு மப்ளர், அதன்மேல் இன்னொரு மப்ளர். டாக்சி ஓட்டுநர் கண்ணையும் மூக்கையும் தவிர எதையும் வெளியே காட்டவில்லை. டாக்குரியா என்றதும் தலையசைத்தவர், பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். பஞ்சர் என்று நினைத்தேன். எதிர்ச் சாரியில் காலிஃபிளவர் வாங்கப் போயிருக்கிறார். இரண்டு பூவோடு திரும்பி வந்து, முன் சீட்டில் குழந்தையைப் போல் உட்காரவைத்தார். "இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விலை ஏறிவிடும்" என்று ஹிந்தியில் விளக்கமும் தந்தார். திருச்சியில் இது நடந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன். இங்கே, பூ எவ்வளவு என்று கேட்டேன்.

அக்காவின் வீடு டாக்குரியாவில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடி. அத்திம்பேர் ராமசேஷனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் இந்த ஊருக்கு வந்துவிட்டது. அவர் பிறந்தது, படித்தது, ஒரு தேயிலைக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றது எல்லாம் இங்கேதான். ஃபுட்பால் பற்றி வங்க மொழியில் சண்டை போடுவார். சந்தியாவந்தனத்தை ஒரு வேளை விடமாட்டார். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி ஸ்வப்னா போவ்தி. போவ்தி என்றால் மன்னி. பூகோள டீச்சராக இருந்தவர். இன்னமும் எல்லோரையும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களாகவே பார்ப்பார். அவருக்கு அத்திம்பேர் "ராம்தா"; தாதா என்றால் அண்ணா. இருவரும் ஒருவரையொருவர் சீண்டாத நாள் வீணான நாள்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் மோசம். முன்பே இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று. முதல் முறை பூஜைக்குச் சாப்பிட்ட இனிப்பால் சர்க்கரை ஏறிவிட்டது. இரண்டாம் முறை இருமல். இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு நாள் பஸ் எண்ணைத் தப்பாகப் படித்து, கரியாஹாட்டுக்குப் போகிறவர் பெஹாலாவில் இறங்கியிருக்கிறார். இறங்கின பிறகும் ஒத்துக்கொள்ளவில்லையாம். தெரிந்த மிட்டாய்க் கடையைத் தேடி அரை மணி நேரம் நடந்திருக்கிறார்.

"தினம் காலம்பற ஏரிக்குன்னு ரோடு தாண்டறார், வச்சு" என்றாள் அக்கா, காப்பியை ஆற்றிக்கொண்டே. "வர வண்டி இவருக்குப் புகை மாதிரித் தெரியறதாம். புகைதானேன்னு குறுக்கே போயிடறார்."

"வண்டி நின்னுடறது" என்றார் அத்திம்பேர் ஊஞ்சலிலிருந்து. "கல்கத்தாக்காராளுக்குப் பெரியவா மேல மரியாதை உண்டு."

மறுநாள் பரிசோதனைகளுக்காக ஆஸ்பத்திரி. நியூ டவுன் பக்கம். செயலியில் கூப்பிட்ட வண்டி வருகிறேன் வருகிறேன் என்று வரைபடத்தில் ஒரே இடத்தைச் சுற்றிவிட்டு மறைந்துபோயிற்று. அடுத்தது வந்தது, ஓட்டுநர் புதிது, ஊரும் அவருக்குப் புதிது. ஒவ்வொரு மேம்பாலத்திலும் ஏறலாமா வேண்டாமா என்று அத்திம்பேரைக் கேட்டார். கண் தெரியாத அத்திம்பேர் ஞாபகத்திலிருந்து வழி சொன்னார். அவர் ஞாபகத்தில் மேம்பாலங்களே இல்லை. ஒரு வழியாகக் கண்ணாடிக் கட்டடங்களும் காலி மனைகளுமான அந்தப் புதிய ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம். அங்கே டீக்கடையில் இரண்டு பையன்கள் மதுரைத் தமிழில் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தது காதுக்கு இதமாக இருந்தது.

எல்லாம் முடிந்து, நர்ஸ் சொன்னது இது: அறுவை இருபத்தேழாம் தேதி. அதுவரை சாப்பாடும் மாத்திரையும் நேரத்துக்கு நடக்க வேண்டும். முந்தின நாள் மாலை வந்து சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். அதற்கடுத்த நாள் அவர் வெளிநாடு போகிறார். திரும்பி வரக் கோடை ஆகும்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோடை வரை அந்த ரோட்டைத் தாண்ட வேண்டுமே என்று நினைக்கிறாள் என்பது தெரிந்தது.

வீடு திரும்பும் வழியில் கடைசிப் பகுதிக்கு ஆட்டோ. இந்த ஊர் ஆட்டோவுக்குப் பாதை உண்டு; பஸ்ஸைப் போல அதே தெருவில் போய் அதே தெருவில் வரும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு உட்காருவார். அன்று உட்கார்ந்திருந்தவர், பின்னால் இருந்த அம்மாளோடு கிரகணத்தைப் பற்றிப் பேசினார். வங்க மொழியில் அவர்கள் பேசியதை அக்கா எனக்குத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வியாழக்கிழமை காலையில் மீன் வாங்கலாமா?"

"வாங்கலாம். சமைக்கக் கூடாது."

"பொரித்தால்?"

"பொரிப்பதும் சமையல்தான், தாதா."

"இங்கே பாதிதானாம் மறைகிறது. அப்படியானால் வாலை மட்டும் பொரித்துக்கொள்கிறேன்."

ஆட்டோவே சிரித்தது. அத்திம்பேர் சிரிக்கவில்லை. அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுப் படி ஏறும்போது அறிவித்தார்.

"வியாழக்கிழமை கிரகணம் விட்டு ஸ்நானம் பண்ணி, புதுசாச் சமைச்சப்பறம்தான் சாப்பாடு. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் கிடையாது."

அதாவது முந்தின இரவிலிருந்து அடுத்த நாள் மதியம் வரை, அறுவைக்கு முந்தின நாள், ஒரு சர்க்கரை நோயாளியின் வயிறு காலி.  அக்காவும் அதே விரதம்தான் இருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறாள். உண்மையில் அவரைவிட அவள் கண்டிப்பு. அவர் கிரகணம் விட்டவுடன் மணியைப் பார்ப்பார். அவள் அதற்கப்புறமும் புரோகிதம் பண்ணும் வாத்தியாரிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொள்வாள்.

என் வேலையை நான் ஆரம்பித்தேன். முதலில் விலக்கு. குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு இந்த விரதம் கட்டாயம் இல்லை. இதைச் சாஸ்திரமே சொல்கிறது. ஏரிப் பக்கத்து வாத்தியாரைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டேன். அவரும் தாராளமாக, "ஆதுராளுக்கு தோஷம் இல்லை, மாமி. பேஷா சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார்.

"ஆதுரன் யாரு?" என்றார் அத்திம்பேர். "எனக்குக் கண்ணுல புரை. வியாதின்னு ஒண்ணும் இல்ல."

"சுகர் வியாதி இல்லையா?"

"அது எல்லாருக்கும் இருக்கு."

"சரி, வயசானவா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். எனக்கு அரை அடி இடப்பக்கமாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். "இன்னும் எண்பது ஆகலை" என்றார்.

அடுத்தது அளவு. திருச்சியில் வளையம், இங்கே பாதிகூட மறையாது. பாதி நஷ்டத்துக்கு முழு க்ளெய்ம் எந்த நிறுவனமும் தராது என்றேன். "ராகு கடிச்சா கடிச்சதுதான். எத்தனை பல்லுன்னா எண்ணுவா?" என்றார். கடைசியாக, வானிலை. வியாழக்கிழமை மேகமூட்டம் என்று செய்தி. ஓர் ஊரில் கிரகணம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அங்கே விரதம். தெரியாத ஊரில் கிடையாது. இதுவும் சாஸ்திரம். மேகம் மறைத்தால் தெரியாது. தெரியாவிட்டால் விரதம் இல்லை. இந்த வாதத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

"மேகம் கணக்கில்ல" என்றார். "மேகத்துக்குப் பின்னால இருக்குன்னு நமக்குத் தெரியுமோல்லியோ? ரூல் எல்லாம் உனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்காதே, வத்சலா."

தோற்றதை ஒப்புக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சாப்பிடுவதுதான் நல்லது, சாப்பிடாவிட்டால் காலை சர்க்கரை மாத்திரையையும் போடக் கூடாது, போட்டால் சர்க்கரை தடதடவென்று இறங்கிவிடும் என்றார்கள். இதை அத்திம்பேரிடம் சொன்னேன். "சரி" என்றார். அக்கா மாத்திரை டப்பாவை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று பார்க் ஸ்ட்ரீட்டில் விளக்கு பார்க்கப் போவது இந்த ஊரில் எல்லா மதத்துக்கும் கடமை. போவ்தி என்னை இழுத்துக்கொண்டு போனார். விளக்கை நான் அதிகம் பார்க்கவில்லை. முன்னால் போனவர்களின் முதுகுகளைப் பார்த்தேன். கூட்டம் எங்களை ஒரு பக்கத்தில் எடுத்து மறுபக்கத்தில் வைத்தது. நடுவில் எங்கோ போவ்தி ஒரு கேக்கும் ஒரு பெட்டி சந்தேஷும் வாங்கிவிட்டிருந்தார். எப்படி என்று எனக்குத் தெரியாது. பாலைத் திரித்து, பேரீச்ச மரத்து வெல்லப்பாகில் செய்த இனிப்பு; குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது; சங்கு வடிவத்தில் அச்சுப் போட்டிருந்தது. திரும்பி வரும்போது கேட்டேன், கிரகணத்தன்று அவர் வீட்டில் என்ன வழக்கம் என்று.

"என் மாமியார் இருந்தவரை சமைத்ததைக் கொட்டுவோம்" என்றார். "அவர் போன பிறகு, கொட்டுவதற்குப் பதிலாக முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறேன்."

வியாழக்கிழமை காலை வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போல இருந்தது. எட்டரை மணிக்குக் கிரகணம் பிடித்ததாகக் கடிகாரம் சொன்னது. வானம் ஒன்றும் சொல்லவில்லை. அத்திம்பேர் தலைக்குக் குளித்துத் தர்ப்பணம் பண்ணினார். அக்கா ஊறுகாய் ஜாடி, தண்ணீர்ப் பானை, நெய்க் கிண்ணம் எல்லாவற்றிலும் தர்ப்பையைப் போட்டாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயும் ஒன்று. கீழேயிருந்து லுச்சி, அதாவது இந்த ஊர் மைதா பூரி, பொரிக்கிற வாசனை வந்தது. போவ்தி தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், கொஞ்சம் தாமதமாக.

ஒன்பது மணிக்கு மேல் அவர் மாடிப்படியிலிருந்து கூவினார். "ஓ ராம்தா! போன தடவை மாதிரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? வாருங்கள்!"

போன தடவை என்றால் பல வருஷங்களுக்கு முன் வந்த முழுக் கிரகணம். ஊரே லாரி பிடித்து டைமண்ட் ஹார்பருக்குப் போய், பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்துவிட்டு வந்தது. அத்திம்பேர் மட்டும் படுக்கையறையில் திரைகளை இழுத்துவிட்டு ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். போவ்தி இதை அன்றிலிருந்து விடாமல் சொல்லிவருகிறார்.

"மொட்டைமாடிலயே ஜபம் பண்ணலாம், தப்பில்ல" என்று அத்திம்பேர் எழுந்தார். சூரியனை அண்ணாந்து பார்க்க மாட்டேன் என்று எனக்கும் டாக்டருக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தார். சால்வை, மப்ளர், குரங்குக் குல்லாய் எல்லாவற்றோடும் மாடிக்கு ஏற்றி, சூரியனுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்காரவைத்தோம்.

மாடியில் போவ்தி ஒரு பாடத்தையே தயார்செய்து வைத்திருந்தார். தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. கையில் லுச்சி எடுக்கிற ஓட்டைக் கரண்டி, எண்ணெய் துடைத்தது. கறுப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று. அதை என் கையில் கொடுத்தார், விருந்தாளி என்பதற்காக. சுற்றுச் சுவரோரம் அவருடைய சாமந்தித் தொட்டிகள், ஒரு காகிதப்பூக் கொடி.

என் போன் ஒலித்தது. திருச்சியிலிருந்து இரண்டாம் மாடிக்காரர் படம் அனுப்பியிருந்தார். கிழக்கு மூலை. துல்லியமான வளையம். கீழே, "அற்புதம் மேடம், நீங்கள் இல்லாதது வருத்தம்" என்று எழுதியிருந்தார். வருத்தம் தெரியவில்லை.

எங்களுக்கு மேலே அலுமினியம்தான். பிறகு அது ஓர் இடத்தில் மெலிந்தது. மேகம் கிழிந்து வெயில் கசிந்தபோது, போவ்தி கரண்டியை உயர்த்திப் பிடித்தார். விரிப்பின் மேல் நாற்பது ஐம்பது பிறைகள் விழுந்தன. ஓட்டைகள் வட்டம், வெளிச்சம் பிறை. சுவரில் காகிதப்பூ இலைகளுக்கு நடுவேயும் அதே பிறைகள், காற்றுக்கு ஆடின. வெளிச்சம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதை ஒழுங்காகப் பதிவுசெய்ய வேண்டும். வெயில் கழுவி உலர்த்தியது போல வெளுத்திருந்தது. கொடிக் கம்பியின் நிழல் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலைந்தும் விழுந்தது. காற்றில் கொஞ்சம் குளிர் கூடியதாகத் தோன்றியது. அது மேகத்தால்கூட இருக்கலாம். காக்கைகள் கூட்டுக்குப் போகவில்லை. தெருமுனை டீக்கடையில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பழைய இரும்புச் சாமான் வாங்குகிறவன் தன் பாட்டுக்குக் கூவிக்கொண்டு போனான்.

"தெரியறதா?" என்று அக்கா அத்திம்பேரைக் கேட்டாள், விரிப்பைக் காட்டி.

"எல்லாம் பரங்கிக்காயாத் தெரியறது."

"கண்ணை வெட்டின பிறகு அடுத்த கிரகணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம், ராம்தா" என்றார் போவ்தி. "அதற்குள் உங்களுக்கு எண்பதும் ஆகிவிடும்."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வந்திருக்கும். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். குரங்குக் குல்லாய்க்குக் கீழே அவர் நெற்றியில் வேர்வை. மார்கழிக் குளிரில், மூன்று சுற்றுக் கம்பளிக்கு உள்ளே என்றாலும், அப்படி வேர்க்கக் கூடாது. கை நடுங்கியது.

"அத்திம்பேர், காலம்பற மாத்திரை போட்டுண்டேளா?"

"ஔஷதம் ஆகாரத்துல சேராது" என்றார், மெதுவாக, பாடம் ஒப்பிப்பதைப் போல. "மருந்துக்கு தோஷம் கிடையாது."

டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருந்தது. பெஹாலாவுக்குப் போய் வந்த நாளிலிருந்து, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று அக்காவே அவருடைய சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டையைப் போட்டு வைத்திருந்தாள். விதிகளை முழுசாகத் தெரிந்த மனிதர், விதிப்படியே தப்புச் செய்திருந்தார். உண்ணாமல் இருந்தது சரி. மருந்து எடுத்ததும் சரி. இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்தன.

"வாயில ஏதாவது போடணும். இப்பவே" என்றேன்.

போவ்தி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கினார். அந்த வயதில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தேஷ் பெட்டியோடு வந்தார். ஒன்றை எடுத்து அத்திம்பேரின் வாயருகே கொண்டுபோனார். அவர் உதட்டை இறுக மூடி முகத்தைத் திருப்பினார். என்னிடமும் அதேதான். "விடட்டும்... விட்டப்பறம்" என்றார். வார்த்தை குழறியது. கிரகணம் விட இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவருக்கு எந்த விலக்கும் உதவாது.

அப்போது அக்கா முன்னால் வந்தாள். பெட்டியிலிருந்து தானே ஒரு சந்தேஷ் எடுத்துக்கொண்டாள். அவர் முகத்துக்கு நேரே குனிந்து, சத்தமாகச் சொன்னாள்:

"ஏன்னா, இதோ பாருங்கோ. நான் சாப்பிட்டுட்டேன். எனக்குத் தாங்கலை, பசி. என் விரதம் போச்சு. ஆம்படையா விட்டுட்டா, நீங்க மட்டும் பிடிச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?"

வாயை அசைத்து மென்றாள். விழுங்கினாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு மூன்றடியில் அவள் ஒரு மஞ்சள் கலங்கல். எனக்கு அப்படி இல்லை. சந்தேஷ் அவள் உதட்டுக்குக் கீழே, முகவாய்க்குப் பக்கத்தில் நின்றது. பிறகு கை தழைந்து, புடவைத் தலைப்பின் மறைவில் பின்னால் போய், சாமந்தித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரலைத் திறந்தது. அவள் மென்றது வெறும் வாயை. அந்த நேரம் சூரியன் எவ்வளவு மறையுமோ அவ்வளவு மறைந்திருந்தது என்று பின்னால் படித்தேன். கறுப்புக் கண்ணாடி என் கையில் இருந்தது. நான் பார்த்தது அக்காவின் கையை.

"சாப்பிட்டுட்டியா?" என்றார் அத்திம்பேர், குழந்தை மாதிரி.

"ஆமாம். நன்னா இருக்கு. வாயைத் திறங்கோ."

திறந்தார். ஒன்று, அப்புறம் இன்னொன்று. போவ்தி சொம்பில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார், அதையும் குடித்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில், "போவ்தி, உங்க லுச்சிக் கரண்டியில எண்ணெய் ஒழுங்காப் போகலை, எல்லாப் பிறையும் வழவழன்னு இருக்கு" என்றார். போவ்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

கிரகணம் விட்டதும் அக்கா கட்டின புடவையோடு குளித்தாள். சமைத்தாள். அவருக்குப் போட்டுவிட்டு, கடைசியாகச் சாப்பிட்டாள். வாத்தியாரிடம் நேரம் கேட்டு உறுதிசெய்துகொள்ளவும் மறக்கவில்லை; பால்கனியில் நின்று, குரலைத் தாழ்த்தி. 

மாலை சர்க்கரை, டாக்டர் ஒப்புக்கொள்கிற எல்லைக்குள் இருந்தது. மறுநாள் அறுவை. காப்பிக்கடை வரிசையைவிட வேகமாக வரிசை நகர்ந்தது. அத்திம்பேர் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்து, உள்ளே யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டே வெட்டினார்கள் என்று புகார் சொன்னார். அதற்கடுத்த நாள் கட்டை அவிழ்த்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தார். அக்கா கைக்குட்டையைத் தேடினாள்.

திரும்பும் வழி முழுக்கக் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஊரே வெள்ளையடித்தது போல இருக்கிறதென்றார். மேம்பாலங்களை எண்ணினார், எப்போது இத்தனை கட்டினான் என்று ஓட்டுநரைக் கோபித்துக்கொண்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், மாடியில் கொஞ்சம் நடக்கிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அவருக்குப் போட்டுவிட்டு, துணைக்கு நான் போனேன். நீள நெடுக இரண்டு தடவை நடந்தார். ஏரிப் பக்கம் மரங்கள், ரயில்வே கம்பிகள், தூரத்தில் யாரோ விடும் பட்டம். ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னார். பிறகு சாமந்தித் தொட்டிகளுக்கு எதிரே நின்றார்.

சுவரோரம் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் கூடவே அவர் பார்வை போயிற்று. கண்ணாடியைக் கழற்றினார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தலையை மட்டும் சாய்த்து, தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். சந்தேஷ் காய்ந்து நிறம் மங்கியிருந்தது. அச்சில் இருந்த சங்கின் வரிகள் முழுசாக இருந்தன. எறும்பைத் தவிர அதில் யாருடைய பல்லும் பட்டிருக்கவில்லை.

 

"அன்னிக்கு உங்கக்கா சாப்பிட்டாளே" என்றார். "நீ பார்த்தியா?"

என் வேலைக்காலத்தில் எத்தனையோ சாட்சிகளை இப்படிக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன்.

"நான் சூரியனைப் பார்த்துண்டிருந்தேன், அத்திம்பேர்."

"ம்" என்றார். கால் விரலால் தொட்டியை மெல்ல நகர்த்தினார். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே வெளிச்சம் போகாதபடி. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கீழே இறங்கியதும் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாடிலேர்ந்து எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றார். "இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு."

அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அதோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அத்திம்பேர் ஊஞ்சலில் உட்கார்ந்து, அவளையே பார்த்தார்.

"வேண்டாம், கோமதி" என்றார். "இந்த அளவுக்குத் தெரிஞ்சாப் போறும்."